எந்தக் கட்சி என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 34. சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்காரர் குடும்பத்தில் பிறந்தவள். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அப்பா நாற்பது ஆண்டுகளாக ஒரே கட்சியில் இருப்பவர், வட்டச் செயலாளராகவும் இருந்தவர். கணவர் வீட்டாருக்கு அயோத்தியாப்பட்டணம் அருகே நிலம். அவர்கள் வேறு கட்சி. நான் கோட்டை மாரியம்மனை நம்பிக் கும்பிடுகிறவள். எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும், இட ஒதுக்கீடு தொடர வேண்டும் என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். இரும்பாலையை விற்கக் கூடாது என்கிறேன். தனியார் தொழிற்சாலைகள் இங்கே வரட்டும் என்றும் சொல்கிறேன். எட்டு வழிச் சாலை வேண்டாம். டாஸ்மாக் கடைகளை மூட வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து நல்ல திட்டம். நகைக்கடன் தள்ளுபடி தவறு. பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கக் கூடாது; என் மகள் விரும்பினால் தனியாகப் படிக்கட்டும். இதையெல்லாம் சொன்னால் அப்பா, "எம் பொண்ணு கட்சி மாறிட்டா" என்று வருந்துகிறார். நாத்தனார் கணவர், "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்" என்கிறார். அலுவலகத்தில் நடுநிலைவாதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் எண்ணங்களை மற்றவர்களுக்குப் புரியும்படி எப்படி எடுத்துச் சொல்வது? வரும் தேர்தலில் எங்கள் வாக்குச்சாவடியில் கட்சியின் முகவராக உட்காரும்படி அப்பா கேட்கிறார். உட்காரலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அலுவலகத்தில் உங்களுக்கு வைத்திருக்கும் பெயரை முதலில் மறுத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒவ்வொரு செய்தியிலும் நீங்கள் ஒரு பக்கம் நின்றுதான் பேசுகிறீர்கள். சாலை வேண்டாம், கடையை மூடு, ஆலையை விற்காதே என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் ஒருவரை நடுவில் நிற்பவர் என்று அழைப்பது பொருந்தாது. அந்தப் பெயரை நீங்கள் ஏற்றுக்கொண்டால், கேட்பவர்கள் உங்களுக்குக் கருத்தே இல்லை என்றோ, இருந்தும் சொல்ல அஞ்சுகிறீர்கள் என்றோ எடுத்துக்கொள்வார்கள். உங்களிடம் கருத்துக்குக் குறைவில்லை. அவை அனைத்தும் ஒரே கொடியின் கீழ் வந்து சேரவில்லை என்பதுதான் உங்கள் நிலை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சேலத்தில் பல ஆண்டுகள் அரசியல் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில் இதன் காரணத்தைச் சொல்கிறேன். ஒரு கட்சியின் கொள்கைத் தொகுப்பு ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து பிறப்பதில்லை. வெவ்வேறு ஊர், சாதி, தொழில், மொழி சார்ந்த மக்களை ஒரு தேர்தலில் ஒன்றாக வாக்களிக்க வைப்பதற்காகப் பல காலத்துப் பேச்சுவார்த்தைகளில் சேர்ந்தும் கழிந்தும் உருவாவது அது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தில் அரசியல் கட்சிகளைப் பற்றிய பேச்சே இல்லை. 1985இல் கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டபோதுதான் கட்சிகள் அதற்குள் வந்தன. கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களித்தால் பதவி போய்விடும் என்ற அந்த விதி சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உரியது. வாக்காளருக்கு அப்படி ஒரு கொறடா இல்லை. எல்லாவற்றிலும் ஒரே அணியாகப் பேச வேண்டிய கடமை அவர்களுடையது. அதை நாமாகவே நம் வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறோம்.

அந்தக் கடமையைக் கட்சிகளாலேயே முழுமையாக நிறைவேற்ற முடிவதில்லை. உங்கள் கணவரின் ஊரைத் தொட்டுச் செல்லவிருந்த சேலம்-சென்னை எட்டு வழிச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் அறிவிக்கப்பட்ட, 277 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் திட்டத்தை அன்றைய அதிமுக அரசு முனைந்து ஆதரித்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றவர்களில் பாமகவின் அன்புமணி இராமதாசும் ஒருவர். நில எடுப்பை ரத்துசெய்து 2019 ஏப்ரல் 8இல் தீர்ப்பு வந்தபோது, பத்து நாளில் நடக்கவிருந்த மக்களவைத் தேர்தலுக்காக இரு கட்சிகளும் ஒரே கூட்டணியில் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தன. எதிர் அணியிலும் இதே நிலைதான். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 2019 ஜனவரியில் வந்த 10 விழுக்காடு ஒதுக்கீட்டைத் திமுக எதிர்த்தது. காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் நாடாளுமன்றத்தில் ஆதரித்தன. அதே ஆண்டில் மூன்றும் ஓரணியாக நின்றன. இவற்றை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. அமைப்புகளே இப்படி வேறுபாடுகளோடு சேர்ந்து நிற்கும்போது, தனி ஒருத்தி எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு இராஜாஜி. உங்கள் தந்தையார் எந்தக் கட்சி என்று நீங்கள் எழுதவில்லை. திராவிட இயக்கத்தவராக இருந்தால் 1937இல் அமைந்த இராஜாஜி ஆட்சி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், எதிர்த்தவர்கள் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்த, 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டமும் அவருக்கு உடனே நினைவுக்கு வரும். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. எனக்கும் அந்தக் கல்வித் திட்டம் ஏற்புடையது அல்ல. ஆனால் ஒரு மனிதரின் நம்பிக்கைகள் எந்த ஒரு கட்சிக்குள்ளும் அடங்காமல் போவது எப்படி என்று பார்க்க அவரைவிட நல்ல பாடம் நம் ஊரில் இல்லை. இங்கே வழக்கறிஞராக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் அவர். வாழ்நாளில் பெரும்பகுதியைக் காங்கிரசில் கழித்துவிட்டு, 1959இல் காங்கிரசின் பொருளாதாரக் கொள்கையை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். முன்பு இந்தியைக் கட்டாயமாக்கியவர், 1960களில் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை உறுதியாக எதிர்த்தார். 1967இல் அண்ணாவோடு கூட்டணி வைத்தார். பொதுவுடைமைக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்த அவருடைய கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் அந்த ஒரே அணியில் இருந்தன. 1971 தேர்தலில் திமுகவுக்கு எதிரே காமராசரோடு நின்றார். அதே ஆண்டு மதுவிலக்கு தளர்த்தப்படவிருந்தபோது, தள்ளாத வயதில் முதல்வர் கருணாநிதியை நேரில் பார்த்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கட்சிக் கணக்கில் பார்த்தால் இது தாவல். மதுவைப் பற்றியும் அரசின் கட்டுப்பாட்டைப் பற்றியும் அவர் கொண்டிருந்த நம்பிக்கைகளின் கணக்கில் பார்த்தால் பெரும்பகுதி ஒரே பாதைதான். மொழியில் மட்டும் அவர் மாறினார்.

சுதந்திராக் கட்சியின் 21 அடிப்படைக் கொள்கைகளில் கடைசியானது, மேலே சொன்னவற்றுக்கு அப்பாற்பட்ட எல்லாவற்றிலும் உறுப்பினர்கள் தத்தம் கருத்தை வைத்துக்கொள்ள முழு உரிமை உண்டு என்பது. வேறுபடும் உரிமையைக் கொள்கையாகவே எழுதிவைத்த கட்சியும் இந்த நாட்டில் இருந்தது என்பதை வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இராஜாஜி பெயரைச் சொன்னாலே பேச்சு நின்றுவிடும் வீடு என்றால், பெரியாரைச் சொல்லுங்கள். நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது 1944இல் இந்தச் சேலத்து மாநாட்டில்தான்; அந்த முடிவை ஏற்காதவர்கள் விலகி நீதிக்கட்சியாகவே தொடர்ந்தார்கள் என்பது உங்கள் தந்தையாருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பெரியார் 1954க்குப் பிறகு காமராசர் ஆட்சியை ஊர் ஊராகச் சென்று ஆதரித்தார். அதனால் அவர் காங்கிரஸ்காரர் ஆகிவிடவில்லை.

இனி, எடுத்துச் சொல்லும் முறைக்கு வருகிறேன். ஒரு கருத்தைக் கேட்பவர் அதை மதிக்க வேண்டுமானால் அவருக்கு இரண்டு தெரிய வேண்டும்: அது எங்கிருந்து உங்களுக்கு வந்தது, அதற்காக நீங்கள் எதை இழக்க ஆயத்தமாக இருக்கிறீர்கள். இவ்விரண்டையும் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்லும்போதுதான், கேட்பவர் அந்த இடைவெளியைத் தாமாக ஒரு கட்சியின் பெயரால் நிரப்பிக்கொள்கிறார்.

எட்டு வழிச் சாலையையே மறுபடியும் எடுத்துக்கொள்வோம். "சாலை வேண்டாம்" என்று மட்டும் நீங்கள் சொன்னால், "தொழிற்சாலை வேண்டும் என்கிறாய், சாலை வேண்டாம் என்கிறாயே" என்று அலுவலகத்தில் மடக்குவார்கள். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம்: "என் மாமனார் வீட்டுக் கிணற்றுக்கும் தென்னைக்கும் நடுவே அளவுக்கல் நட்டார்கள், நட்ட பிறகுதான் பேச வந்தார்கள். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் இருக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு, தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி எடுக்கும் நிலத்துக்குப் பொருந்தாது. நட்டஈடு உண்டு, முன்கூட்டிக் கேட்கும் கடமை அந்த அளவுக்கு இல்லை. எனக்கு மறுப்பு அந்த முறையில்தான். உளுந்தூர்பேட்டை வழியாகப் போகும் சாலையை அகலப்படுத்தினால் சென்னைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும் என்றால், அந்த ஒரு மணி நேரத்தை நான் கொடுக்கத் தயார்." உங்கள் வீட்டில் கல் நட்ட கதை இதே விதமாக இருக்காது, உங்கள் விவரங்களை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்ட அறிவிக்கை செல்லும் என்றும், சட்டப்படி மேற்கொண்டு செல்லலாம் என்றும் தீர்ப்பளித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு எதிரான செய்தியை நீங்களே சொல்லும்போது எதிரில் இருப்பவரின் குரல் தானாகத் தணியும். வகுப்பறையில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இது.

இரும்பாலைக்கும் இதே வழிதான். 1970இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆலைக்கு இங்குள்ள உழவர்கள் நிலம் கொடுத்தது அரசு ஆலை என்ற நம்பிக்கையில். அதைப் பின்னாளில் தனியாருக்கு விற்பது வேறு, தனியார் ஒருவர் சந்தை விலைக்கு நிலம் வாங்கிப் புதிதாகத் தொழிற்சாலை தொடங்குவது வேறு என்று நீங்கள் சொன்னால் அதில் முரண் எதுவும் இல்லை. ஆலை பல ஆண்டுகள் நட்டத்தில் ஓடியது, அந்த நட்டத்தைப் பொதுத்துறை நிறுவனமே சுமந்தது என்பதையும் கூடவே ஒப்புக்கொள்ள வேண்டும். நகைக்கடன் தள்ளுபடியைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. 2021இல் ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன்கள் தள்ளுபடியானபோது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தவணைக்குள் நகையை மீட்டவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பேருந்தில் ஏறும் பெண்ணிடமோ அத்தகைய பாகுபாடு இல்லை, ஏறியவர் எல்லோருக்கும் அது கிடைக்கிறது. உங்கள் காரணம் இதுவானால், இலவசம் எல்லாம் நல்லது என்பவரிடமும், இலவசம் எல்லாம் கெட்டது என்பவரிடமும் நீங்கள் ஒரே பதிலைச் சொல்ல முடியும்.

ஆனால் ஓரிடத்தில் உங்களோடு நான் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. டாஸ்மாக் கடைகளை மூட வேண்டும் என்கிறீர்கள். கட்டணமில்லாப் பேருந்து தொடர வேண்டும் என்றும் சொல்கிறீர்கள். மது விற்பனையிலிருந்து தமிழக அரசுக்கு அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வருகிறது. பேருந்துக் கழகங்களுக்கு அரசு ஈடுகட்டும் பணம் அதே கருவூலத்திலிருந்துதான் போகிறது. கணக்கு எழுதும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை என்று நான் சொல்லவில்லை. இடையில் ஒரு தொகை விடுபட்டிருக்கிறது என்கிறேன். மீண்டும் இராஜாஜியிடம்தான் போக வேண்டும். 1937 அக்டோபர் 1ஆம் நாள் சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில். கள், சாராய வருவாய் போய்விடும் என்று தெரிந்தே அவர் அதைச் செய்தார். அந்த இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வணிகர்களுக்கு அது கசந்தது. கடையை மூடச் சொன்னவர், பணம் எங்கிருந்து வரும் என்பதையும் தாமே சொல்லி, அதற்கான எதிர்ப்பையும் தாமே வாங்கிக்கொண்டார். நீங்களும் எந்த வரியைக் கூட்டலாம், எந்தச் செலவைக் குறைக்கலாம், கடைகளைப் படிப்படியாக மூடினால் எத்தனை ஆண்டில் மூடலாம் என்று உங்கள் அளவில் ஒரு விடை வைத்திருங்கள். விடை தவறாக இருந்தாலும் பரவாயில்லை, அது இல்லாமல் பேசுவதுதான் பலவீனம்.

உங்கள் தந்தையாரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். நாற்பது ஆண்டு ஒரு கட்சிக்குச் சுவரெழுதி, கொடி கட்டி, தேர்தல் தோறும் வீடு வீடாக நடந்தவருக்கு, மகள் பல செய்திகளில் மாறுபடுகிறாள் என்பது கருத்து வேறுபாடாகக் கேட்காது; தாம் வாழ்ந்ததை அவள் மறுப்பதாகக் கேட்கும். ஆகவே அவரோடு ஒத்துப்போகும் இடத்திலிருந்து தொடங்குங்கள். "அப்பா, இட ஒதுக்கீடும் அர்ச்சகர் நியமனமும் எனக்கு ஏன் முக்கியம் என்றால், நீங்கள் சின்ன வயதில் எனக்குச் சொன்ன கதைகள்தான் காரணம்" என்று உண்மையாகவே சொல்ல முடிந்தால், சொல்லுங்கள். வேறொரு நாள், "நகைக்கடனில் மட்டும் எனக்கு வேறு எண்ணம்" என்று ஒன்றை மட்டும் எடுத்து வையுங்கள். மகளின் இந்திப் படிப்பைப் பற்றிய பேச்சில், அரசு கட்டாயப்படுத்துவதும் ஒரு குழந்தை விரும்பிப் படிப்பதும் வெவ்வேறு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1968 முதல் இருந்துவரும் இருமொழிக் கொள்கை, வீட்டில் யார் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எந்த நிலையிலும் "எல்லாக் கட்சியும் ஒன்றுதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவரைப் புண்படுத்தும் என்பதோடு, உண்மையும் அல்ல.

நாத்தனார் கணவரிடம் வேறு முறை வேண்டும். அவர் பழமொழி சொல்லும்போது எதிர்ப் பழமொழி தேடாமல், "மாப்பிள்ளை, இரும்பாலையை விற்கலாமா கூடாதா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு செய்தியைப் பற்றிக் கேளுங்கள். கட்சியைப் பற்றிக் கேட்டால் ஒரு விடையும், செய்தியைப் பற்றிக் கேட்டால் வேறொரு விடையும் சொல்பவர்களே நம்மில் மிகுதி. உறவு முறியுமோ என்று நீங்கள் அஞ்சினால், வெவ்வேறு வழியில் சென்றவர்களைக் கொண்ட ஒரு குடும்பம் நம் வட்டாரத்திலேயே இருந்தது. பழைய சேலம் மாவட்டத்துக் குமாரமங்கலம் குடும்பத்தின் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை கட்சி சாராத முதலமைச்சராக இருந்து, பின்னர் காங்கிரசில் சேர்ந்தவர். அவருடைய பிள்ளைகளில் மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகளானார்கள். மோகன் பின்னர் காங்கிரஸ் அமைச்சரானார். இன்னொரு மகன் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார்.

வாக்கு என்பது தனிச் செய்தி. இத்தனை நம்பிக்கைகளுக்கும் ஒரு வாக்குதான் இருக்கிறது என்பதால், அந்தத் தேர்தலில் எது உங்களுக்கு முதன்மையானது என்று நீங்கள் வரிசைப்படுத்தத்தான் வேண்டும். மது மாநில அரசின் கையில் இருப்பது. இரும்பாலை ஒன்றிய அரசின் கையில் இருப்பது. எனவே சட்டமன்றத்துக்கு ஒருவருக்கும் மக்களவைக்கு இன்னொருவருக்கும் நீங்கள் வாக்களித்தால் அது தடுமாற்றம் அல்ல. யாருமே வேண்டாம் என்றால் நோட்டா இருக்கிறது; 2013 டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில்தான் தமிழ்நாட்டில் அந்தப் பொத்தான் முதன்முதலாக வந்தது. ஆனால் நோட்டாவுக்கு எவ்வளவு வாக்கு விழுந்தாலும் முதலிடம் பெற்ற வேட்பாளரே வெல்வார். இவ்வளவு தெளிவான கருத்துகள் உள்ள உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதை வீட்டிலும் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம்கூட அதைக் கேட்டுச் சொல்லவைக்க முடியாது என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவு சொல்கிறது. கருத்தைத் திறந்து பேசுங்கள். வாக்கை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குச்சாவடி முகவர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது மதிப்பான வேலை. காலையில் மாதிரி வாக்குப்பதிவைச் சரிபார்ப்பதும், ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதும், மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவத்தின் நகலைப் பெறுவதும் தேர்தல் நேர்மையாக நடக்கத் துணை செய்பவை. ஆயினும் முகவரை நியமிப்பவர் வேட்பாளர். படிவம் 10இல் அவர் அல்லது அவருடைய தேர்தல் முகவர் கையெழுத்திட, நீங்களும் கையெழுத்திட்டு அவர் சார்பாகத்தான் உள்ளே உட்காருகிறீர்கள். அந்த வேட்பாளருக்கு வாக்களிப்பது என்று நீங்களே முடிவு செய்திருந்தால், மற்றச் செய்திகளில் எவ்வளவு வேறுபாடு இருந்தாலும் உட்காருங்கள், தவறில்லை. அப்பாவின் மனம் நோகக் கூடாது என்பதற்காக மட்டும் என்றால் உட்கார வேண்டாம். அந்தப் பொறுப்பை நம்பி ஒப்படைக்கும் வேட்பாளருக்கும் அது நேர்மையாகாது. மறுப்பதானால் கையெழுத்துப் போடும் நாளுக்கு நெடுநாள் முன்பே அப்பாவிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். கட்சிக்காரர்கள் முன்னிலையில் சொல்லாதீர்கள். அம்மாப்பேட்டையில் பதினெட்டு வயதான பிள்ளைகளுக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 நிரப்பித் தரவும், வீடு மாறிய தறிக்காரர் குடும்பங்களுக்கு முகவரி மாற்றும் படிவம் 8 எழுதித் தரவும் ஆள் தேவைப்படும். அந்த வேலையை இருவரும் சேர்ந்து செய்யலாம் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் தெருவில் எந்தெந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்க மாட்டார்.